காளவாசல் வியட்நாம் ஹோட்டலில் பேமிலி ரூம்

ஆண் துணை இல்லாமல் ஹோட்டலுக்கு வரும் பெண்களை உட்கார வைப்பதற்கென்று மதுரையில் அப்போது ஒரு மறைவிடம் உண்டு. குடும்பத்தை விட்டுத் தனியாக வந்தவர்களை ஒதுக்கும் அந்த இடத்துக்குப் பெயர் ‘பேமிலி ரூம்’. யார் இந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது. வைத்தவர் ஒரு நாள்கூட அதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

நான் அந்த நாட்களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டர். கோச்சடையில் வீடு. அப்பாவுக்கு வைகைக் கரையை ஒட்டிக் கொஞ்சம் நெல் வயல் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து போர்டில் உட்கார்ந்தவள்தான் என் தோழி. அவள் ஊர் அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். அவள் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அரசு விடுதியில் தங்கிப் படித்து, பரீட்சை எழுதி, வேலைக்கு வந்தவள். நான் வாயாடி. அவள் பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவாள்.

எண்பதுகளின் தொடக்கம். காளவாசலில் ஒரு புது ஹோட்டல் திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, சன்மைக்கா ஒட்டிய மேஜை, வரிசையாக சீலிங் ஃபேன், வாசலில் மீன் தொட்டி. ‘வியட்நாம் சாப்பாடு, மதுரையில் முதன்முறை’ என்று சிவப்பு எழுத்தில் பெரிய போர்டு. பஸ்ஸில் போகும்போதெல்லாம் நாங்கள் இருவரும் எட்டிப் பார்ப்போம். வியட்நாம் என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரேடியோ செய்தியில் கேட்ட சண்டை மட்டும்தான். அங்கே மனிதர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று யாரும் வாசித்ததில்லை.

தோழிக்கு வேலை நிரந்தரமான அன்று, “எங்க கூட்டிட்டுப் போற?” என்று கேட்டேன்.

“அந்தக் கண்ணாடிக் கதவுக்கு,” என்றாள்.

பகல் டியூட்டி முடிந்து நேராகப் போனோம். கதவைத் தள்ளியதும் ஃபேன் காற்று முகத்தில் அடித்தது. ஹாலில் பாதி மேஜைகள் காலி. மீன் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த மேஜையை நான் பார்த்து வைத்து நடந்தேன். சர்வர் குறுக்கே வந்து நின்றார்.

“அக்கா, லேடீஸ் உள்ள. பேமிலி ரூம் அந்தப் பக்கம்.”

“ஹால்லதான் இம்புட்டு இடம் கெடக்கேண்ணே.”

“முதலாளி அப்படித்தான் சொல்லியிருக்காருக்கா. கோவிச்சுக்காதீக.”

அவர் காட்டிய பக்கம் ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பக்கத்திலேயே கை கழுவும் தொட்டி. ஹாலில் சாப்பிட்டு வந்த ஆண்கள் கை கழுவி, வாய் கொப்பளித்து, காறித் துப்பி, ஈரக் கையை எங்கள் திரையிலேயே துடைத்துவிட்டுப் போனார்கள். திரையின் ஓரம் முழுக்க எண்ணெய்க் கறை. உள்ளே இரண்டு மேஜை. ஃபேன் கிடையாது, ஜன்னலும் கிடையாது. அடுத்த அறை அடுக்களை. நடுவில் கதவில்லாத ஒரு நிலை, அதன் வழியாகப் புகையும் அனலும் தாராளமாக வந்தன. எங்களுக்கு முன்பே ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு அங்கே வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தாள். துணையாக வந்த அவள் கணவர் அவளை உள்ளே அனுப்பிவிட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேமிலி ரூமில் பேமிலி அப்படித்தான் உட்கார்ந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நம்ம காசு கல்லாவுக்கு ஆகும், நாம மட்டும் ஹாலுக்கு ஆகாதா? வா, போயிருவோம். இந்தச் சாப்பாடு தின்னாத்தான் ஆச்சா?” என்று கத்தினேன்.

தோழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஒனக்கு இது இன்னைக்குத்தான் புதுசு,” என்றாள். “எங்க ஊரு டீக்கடையில எங்கப்பாவுக்குன்னு தனியா ஒரு கிளாஸ் வச்சிருப்பாய்ங்க. தாவாரத்துல சொருகியிருக்கும். அவரே எடுத்து, குடிச்சிட்டு, அவரே கழுவி, திரும்பச் சொருகணும். இங்க கிளாஸாச்சும் ஒண்ணா இருக்கான்னு பாப்போம். உக்காரு.”

நான் உட்கார்ந்தேன். என் கோபம் போய்விடவில்லை. அவள் அப்பாவுக்கும் சேர்த்து இன்னும் பெரிதாகிவிட்டது.

பிறகு சூப் வந்தது. சூப் என்று நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. வாய் அகன்ற பெரிய கிண்ணத்தில் தெளிந்த கோழிச் சாறு. அதில் வெள்ளை ரிப்பன் போல வழுக்கும் அரிசிச் சேவை. மேலே பிய்த்துப் போட்ட நாட்டுக்கோழிக் கறி, வெங்காயத் தாள். பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் புதினா, மல்லி, திருநீற்றுப் பச்சிலை, முளை கட்டிய பாசிப்பயறு, அரை எலுமிச்சை, கீறிய பச்சைமிளகாய். பட்டையும் அன்னாசிப்பூவும் எங்கள் வீட்டுக் கறிக்குழம்பில் போடுகிறவைதான். ஆனால் அந்த வாசனை இத்தனை அமைதியாக ஒரு கிண்ணத்தில் கிடந்து நான் பார்த்ததில்லை. இலைகளை என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுக்களை நிலையில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். சேலையை ஏற்றிச் செருகியிருந்தார். முகம் எங்கள் பக்கத்து முகம் இல்லை. பேசியது தமிழ்.

“தங்கச்சி, நீ இலை கிள்ளிப் போடு. நெறைய போடு. எலுமிச்சம்பழம் பிழி. சூடா இருக்கப்பவே குடி. ஆறினா செத்துப் போயிரும்.”

கிள்ளிப் போட்டோம். சூட்டில் இலைகள் வதங்க வதங்க வாசனை எழும்பியது. முதல் வாய் குடித்ததும் தோழி கண்ணை மூடிக்கொண்டாள். வெந்து புழுங்கும் அறையில், மூக்கு ஒழுக, முகம் துடைக்கத் துடைக்க வியர்க்க, நாங்கள் கிண்ணத்தின் அடிவரை குடித்தோம். எனக்குக் கோபமும் ருசியும் ஒரே நேரத்தில் வந்தது அன்றுதான். இவ்வளவு நல்ல சாப்பாட்டை இப்படிப்பட்ட இடத்தில் வைத்துக் கொடுக்கிறார்களே என்று ருசி கூடக் கூடக் கோபமும் கூடியது.

அதற்குப் பிறகு நாங்கள் அடிக்கடி போனோம். பேமிலி ரூமில் ஆள் இல்லாத பிற்பகல்களில் அந்த அக்கா வேலை செய்துகொண்டே பேசுவார். முதலாளியின் தம்பி அவருடைய கணவர். சைகோனில் ஒரு ஜவுளிக்கடையில் பல வருடம் கணக்கெழுதியவர். அதே தெருவில் அக்கா தன் அம்மாவோடு சாப்பாட்டுக் கடை நடத்தியிருக்கிறார். நடைபாதையில் குட்டை ஸ்டூல்கள். ரிக்‌ஷாக்காரர், வாத்தியார், பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்கள், எல்லாரும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். சண்டை முடிந்த வருடம் கணவரோடும் மகளோடும் இங்கே வந்தார். சில வருடம் மாமியார் வீட்டில் மாடு பார்த்தார், நெல் அவித்தார். ஒரு நாள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அவர் வைத்த சூப்பைக் குடித்துவிட்டுப் புகழ்ந்தார்கள். கணவரின் அண்ணனுக்கு உடனே ஹோட்டல் யோசனை வந்துவிட்டது. காளவாசலில் இடம் பிடித்து, தன் பெயரில் திறந்தார். அக்காவை அடுக்களையில் விட்டார்.

அக்கா எல்லாரையும் ‘நீ’ என்றுதான் பேசுவார். எங்களை, சர்வரை, காய்கறி கொண்டு வரும் பெரியவரை, எல்லாரையும். எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“ஏங்க்கா, ஒங்க மச்சானை, அந்த முதலாளியக்கூடவா நீன்னு கூப்பிடுவீக?”

“அவரு முன்னால பேச மாட்டேன். பேசினா அடிக்க வாரார்,” என்றார். அரிசி மாவைத் துணி கட்டிய பானை மேல் மெல்லிசாக ஊற்றி, மூடி போட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க பேச்சுல நீயும் கெடையாது, நீங்களும் கெடையாது. பெரியவங்கன்னா அண்ணன், அக்கா, அத்தை. சின்னவங்கன்னா தம்பி, தங்கச்சி. அதான் மரியாதை. இங்க வந்து தமிழ் படிச்சேன். யாருகிட்ட படிச்சேன்? அத்தைகிட்ட. அத்தை என்னைய நீ வா, நீ போ, நீ இதைத் தூக்குன்னுதான் சொன்னாங்க. அந்த வீட்டுல யாரும் என்னைய நீங்கன்னு சொல்லலை. நான் எப்படிப் படிப்பேன்?”

ஆவி பறக்க அந்த அரிசி ஏட்டை மூங்கில் குச்சியால் உரித்தெடுத்தார். ஒரு பெண்ணை ஆறேழு வருடம் மரியாதையில்லாமல் விளித்துவிட்டு, அவளுக்கு மரியாதை தெரியவில்லை என்று ஒரு குடும்பமே குறைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

முதலாளியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களை வாய் நிறைய வரவேற்பார். ஒரு நாள் ஹாலில் யாரோ, “யாரு அண்ணாச்சி சமையல்? கைப்பக்குவம் பிரமாதம்,” என்று கேட்பது திரைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது.

“ஹாங்காங்ல இருந்து மாஸ்டர் வரவழைச்சிருக்கேன்,” என்றார் முதலாளி. “பெரிய பெரிய ஹோட்டல்ல இருந்த ஆளு.”

நான் திரும்பிப் பார்த்தேன். ஹாங்காங் மாஸ்டர் அடுக்களையில் வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. கத்தி ஒரு கணம் நின்றது, பிறகு ஓடியது.

“நீங்க போய்ச் சொல்லுங்கக்கா, நான்தான் சமைக்கிறேன்னு,” என்றேன்.

“சொன்னா?” என்றார். அவ்வளவுதான்.

அவருடைய கணவர் சைக்கிளில் காய்கறி மூட்டையோடு பின்வாசல் வழியாக வருவார். மெலிந்த, நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் என்ன சொன்னாலும், “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்பார். கொஞ்ச நாளில் அண்ணன், “மாட்டுக்குப் போடுற தழைய மனுசனுக்கு வைக்கிறதா?” என்று சொல்லி இலைத் தட்டை நிறுத்தினார். தம்பி சரி என்றார். நெத்திலியை உப்பில் ஊற வைத்து அக்கா வடித்த மீன் சாறு நாறுகிறது என்று ஜாடியோடு கொட்டச் சொன்னார். தம்பியே தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினார். சூப்பில் தக்காளி சாஸ் ஊற்றச் சொன்னதற்கு மட்டும் அக்கா மறுத்துவிட்டார். அதனால் சர்வரே ஹாலில் வைத்து ஊற்றினார். எங்களுக்கு மட்டும் அக்கா கொல்லையில் வளர்த்த புதினாவை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து கிள்ளிப் போடுவார். புதினாவைத் திருட்டுப் பொருள் மாதிரி மறைத்துச் சாப்பிட்ட ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

அந்த வருடம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மதியம் டியூட்டி முடிந்து வந்தோம். பேமிலி ரூமில் காலை வைக்க முடியவில்லை. அடுக்களை அனலும் வெயில் அனலும் சேர்ந்து தகித்தன. உள்ளே கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், பிள்ளை வீறிட்டு அழவும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வெளியே ஓடினாள். ஹாலில் நான்கு மேஜை காலி. காலி மேஜைகளுக்கு மேலே ஃபேன்கள் சுழன்றுகொண்டிருந்தன.

வழக்கமாகக் கத்துகிறவள் நான். அன்று தோழி ஒரு வார்த்தை பேசவில்லை. திரையிலிருந்து திரும்பி நடந்து, மீன் தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் போய் உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே போய் எதிரில் உட்கார்ந்தேன்.

சர்வர் ஓடி வந்தார். “அக்கா, என் பொழப்புல மண்ணு விழுந்துரும். உள்ள வாங்கக்கா.”

“ரெண்டு சூப்புண்ணே,” என்றாள் தோழி.

முதலாளி கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். “ஏம்மா, நாலு ஆம்பளைக வந்து போற எடம். கௌரவமான பொம்பளைகளுக்குன்னு உள்ள எடம் போட்டிருக்கோம்ல?”

“அப்ப நீங்க உள்ள போய் உக்காருங்க. வெந்து செத்தா ஏன்னு கேளுங்க,” என்றேன் நான்.

ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் போலிருந்த ஒருவர், “எந்திரிச்சுப் போங்கம்மா. சாப்பிடுற நேரத்துல எதுக்கு வம்பு?” என்றார். வம்பு நாங்கள் செய்கிறோமாம். நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைத் தவிர நாங்கள் ஒன்றும் செய்யவில்லை.

முதலாளி எழுந்து மேஜைக்கே வந்தார். தோழியைப் பார்த்து, “எந்த ஊரும்மா நீ?” என்றார். அவள் சொன்னாள். ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு, “அந்த ஊர்ல யாரு வீட்டுப் பொண்ணு?” என்றார். அந்தக் கேள்வி எதற்கு என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தோழி அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

“சாப்பிட வந்த வீட்டுப் பொண்ணு. எந்திரிக்க மாட்டேன்.”

அப்போதுதான் அடுக்களையிலிருந்து அக்கா வந்தார். நான் அவரை ஹாலில் பார்த்தது அன்று ஒரு நாள்தான். இரண்டு கையிலும் இரண்டு கிண்ணம். ஆவி பறந்தது. மேலே புதினா, மல்லி, எல்லாம் பகிரங்கமாகக் கிடந்தன. எங்கள் முன்னால் வைத்தார். தட்டிலிருந்து ஸ்பூன்களை எடுத்து வைத்தார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, “உள்ள போ,” என்றார்.

அக்கா போகவில்லை. “நீ ஹால்ல உக்காந்து சாப்பிடுற,” என்றார். “ஃபேன் போட்டுச் சாப்பிடுற. இவங்களும் சாப்பிடட்டும். நீ போய் உக்காரு.”

ஹால் முழுக்க ஒரே சத்தம். “மச்சானைப் போயி நீன்னு சொல்லுதே!” “வாயப் பாத்தியா!” “தம்பி பொண்டாட்டியாம், எம்புட்டுத் திமிரு!” ஜவுளிக்கடைக்காரர் கை கழுவாமலே எழுந்து நின்றுவிட்டார். பெண்கள் இருவரை ஹாலில் இடம் கிடையாது என்று விரட்டியபோது இத்தனை பேரும் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஒற்றை எழுத்துக்கு எல்லாருக்கும் ரோஷம் வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது அடைக்கிறது.

முதலாளி கையை ஓங்கினார். தோழி எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். ஓங்கிய கை இறங்கவில்லை. அக்காவின் கணவர் பின்வாசலிலிருந்து வந்து நிலையில் நின்றுகொண்டு, “உள்ள வந்துரு, உள்ள வந்துரு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எங்களிடம், “ஆறிப் போகுது. குடி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாங்கள் குடித்தோம். முழுவதும் குடித்தோம். ஹாலே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே சேதி கோச்சடைக்குப் போய்விட்டது. “ஹோட்டல்ல ஆம்பளைகளுக்குச் சமதையா உக்காந்து சண்டை போட்டியாமே?” என்று அப்பா கேட்டார்.

“உக்காந்தேன். சண்டை அவுங்க போட்டாங்க,” என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் இரவுச் சோறு போடும்போது, “அந்தச் சூப்புல அப்படி என்னதான்டி போடுறாக?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அடுத்த வாரம் போனபோது போர்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வியட்நாம் போய், ‘சைனீஸ்’ வந்திருந்தது. பேமிலி ரூம் அப்படியே இருந்தது. சர்வர் எங்களை வாசலிலேயே மடக்கி, “அந்தக்கா இல்லைக்கா. முதலாளி அதைக் கிராமத்து வீட்டுக்கு அனுப்பிட்டாரு. கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டாத்தான் அடுப்படிக்குள்ள விடுவேன்னுட்டாரு. அது மாட்டேன்னுருச்சு,” என்றார்.

சில வாரம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் அக்காவின் கணவரைப் பார்த்தேன். கையில் வெற்றுப் பையோடு நின்றார். அக்கா எங்கே என்று கேட்டேன். மகளைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி போய்விட்டதாகச் சொன்னார். அங்கே சைகோனிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய உண்டாம்.

“நீங்க போகலையா?”

“அண்ணனை விட்டுட்டு எப்படிம்மா போறது? ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அவ நாக்கு அப்படி. மரியாதை வராது.”

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சுற்றிலும் கூட்டம் நிற்கிறதே என்றுகூடப் பார்க்கவில்லை.

“அந்த நாக்குக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது யாரு? ஒங்க வீடுதானே? ஒருத்தராவது, ஒரு நாளாவது, அவுங்கள வாங்கன்னு கூப்பிட்டிருப்பீகளா? நீங்க கூப்பிட்டிருக்கீகளா? அவுங்க கைப்பக்குவத்தை வச்சுக் கடையத் தொறந்துட்டு, ஹாங்காங் மாஸ்டர்னு சொன்னப்ப எங்க போச்சு ஒங்க மரியாதை? அந்த ஜாடியத் தூக்கிட்டுப் போய்ச் சாக்கடையில கொட்டுனது யாரு?”

அழுகிறவர் மாதிரி அவர் முகம் கோணியது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். பாவம் என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சொன்னார். எனக்குப் பாவமாக இல்லை. நல்ல மனிதர்கள்மேல் எனக்கு அன்றிலிருந்து ஒரு எரிச்சல் உண்டு.

அந்த ஹோட்டல் ஒரு வருடத்துக்குமேல் தாங்கவில்லை. சிவப்புச் சாஸில் மிதந்த நூடுல்ஸை ஊர் கொஞ்ச நாள் தின்றுவிட்டுப் புரோட்டாவுக்குத் திரும்பிவிட்டது. சைனாக்காரி ஒருத்தி மச்சானை அவமானப்படுத்திவிட்டு ஓடிப் போனதால் நொடித்த கடை என்று காளவாசலில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் காதுபட யார் சொன்னாலும் நிறுத்தி, நடந்ததைச் சொல்லியிருக்கிறேன். அவர் சைனாக்காரி இல்லை, ஓடிப் போகவும் இல்லை என்று. கேட்டுக்கொள்வார்கள். அடுத்த தெருவில் போய்ப் பழைய கதையையே சொல்வார்கள்.

பழைய சர்வர் பிறகு ரயிலடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சேர்ந்திருந்தார். ஒரு கல்யாணத்துக்குப் பாண்டிச்சேரி போனபோது அக்காவைப் பார்த்ததாகச் சொன்னார். கடற்கரைக்குப் போகிற ஒரு தெருவில் இரண்டு பெஞ்சு போட்டுக் கடை. கல்லாவில் அக்காவேதான். மீன் சாறு ஜாடி வாசலிலேயே இருக்கிறதாம்.

“அவுக வீட்டுக்காரரு?” என்று தோழி கேட்டாள்.

“அவரும் ஒரு வருசம் கழிச்சுப் போய்ச் சேந்துட்டாருக்கா. கிண்ணம் கழுவுறாரு.”

தோழி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் அடுப்பில் தான் சமைத்ததைத் தன் கையால் எடுத்து வைக்க ஒரு பெண் மதுரையை விட்டு அம்புட்டு தூரம் போக வேண்டியிருந்ததே என்றுதான் எனக்குத் தோன்றியது.